முதல் ராஜபாளையம் குட்டி: பணம் கொடுக்கும் முன் செய்து முடிக்க வேண்டியவை

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் ராஜபாளையம் நாய்க்குட்டி ஒன்பது நாள்தான் இருந்தது. ஐந்தாம் நாள் வாந்தி எடுத்தது. மறுநாள் ரத்தத்தோடு கழிச்சல். ஒன்பதாம் நாள் விடியற்காலை என் மனைவியின் மடியிலேயே போய்விட்டது. பார்வோ வைரஸ், குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். "ஊசியெல்லாம் போட்டாச்சு, 50 நாள் குட்டி" என்று சொல்லித் தரகர் கொடுத்த குட்டிக்கு ஊசியும் போடவில்லை, 50 நாளும் ஆகவில்லை. பல்லைப் பார்த்த மருத்துவர் ஐந்து வாரம்தான் இருக்கும் என்றார்.

இரண்டாவது குட்டி வர ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதத்தில் விசாரித்ததையும் அலைந்ததையும் வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறேன். சென்னையில் இருந்துகொண்டு ராஜபாளையம் பக்கம் போய் வாங்குகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை போன்ற மற்ற நாட்டு நாய்களை வாங்கப் போகிறவர்களுக்கும் காது பற்றிய பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1. முதலில் மாதக் கணக்கைப் போடுங்கள்

நல்ல இடத்தில் குட்டி எந்நேரமும் தயாராக இருக்காது. பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். சேர்த்த நாளிலிருந்து ஏறத்தாழ 63 நாளில் ஈனும். அதன் பிறகு குட்டி குறைந்தது எட்டு வாரம், அதாவது 56 நாள், தாயோடு இருக்க வேண்டும். இரண்டையும் கூட்டினால் நான்கு மாதம். அதற்கு முன்னால் நீங்கள் ஆளைத் தேடி, போய்ப் பார்த்து, பேசி முடிக்க இரண்டு மூன்று மாதம் ஆகும். "நாளைக்கே வந்து எடுத்துக்கலாம்" என்று ஒருவர் சொன்னால், யாரோ வேண்டாம் என்று விட்டுப்போன குட்டியா, தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்த குட்டியா என்று கேளுங்கள்.

எட்டு வாரம் என்பது வெறும் வழக்கம் இல்லை. நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றி மத்திய அரசு 2017-இல் கொண்டுவந்த விதிகளின்படி எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக் கூடாது. கடிக்கும்போது எவ்வளவு அழுத்தலாம், எப்போது விட வேண்டும் என்பதைத் தாயும் கூடப் பிறந்தவையும்தான் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கின்றன. ராஜபாளையம் காவல் நாய், வளர்ந்தால் தோள் உயரம் 65 முதல் 75 சென்டிமீட்டர் வரை போகும். அந்தப் பாடத்தைத் தவறவிட்ட நாயை, அதன் தாடை பெரிதான பிறகு உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு சிரமம் என்று வளர்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மாதத்தையும் யோசித்து வையுங்கள். கத்திரி வெயிலில் குட்டியை 550 கிலோமீட்டர் தூக்கி வருவது ஆபத்து. தீபாவளியை ஒட்டி எட்டு பத்து வாரக் குட்டியைக் கொண்டுவருவதும் தவறு. புதுச் சத்தங்களுக்குப் பயப்படத் தொடங்கும் வயது அது. அந்த வாரத்தில் விழும் பயம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளலாம். நாங்கள் தையில் கொண்டுவந்தோம். பகலில் வெயில் குறைவு, மழையும் ஓய்ந்திருந்தது.

2. வீட்டுக்காரரிடம் எழுதி வாங்குங்கள்

வேளச்சேரியில் வாடகைக்குத் தரைத்தளத்தில் இருக்கிறோம். முதல் முறை வீட்டுக்காரரிடம் வாய்ச்சொல்லாகக் கேட்டோம், "நாய்தானே, வளத்துக்கங்க" என்றார். குட்டி போன பிறகு இரண்டாவது கொண்டுவரப் போகிறோம் என்றதும் "பெரிய நாயா? அப்போ யோசிக்கணுமே" என்றார். அவர்மேல் தப்பில்லை. அவர் நினைத்தது பொமரேனியன் அளவு நாய்.

அதனால் வாடகை ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: இன்ன இனம், வளர்ந்தால் இவ்வளவு உயரம், சேதம் ஆனால் யார் பொறுப்பு. அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் சங்கத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்து வையுங்கள். சங்கங்கள் செல்லப் பிராணியைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவும் முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. ஆனால் அது சங்கத்துக்கானது. வாடகை வீட்டில் உங்களுக்கும் உரிமையாளருக்கும் உள்ள ஒப்பந்தமே உங்களைக் காப்பாற்றும்.

சட்டம் அனுமதித்தாலும், என் கருத்தில் இரண்டாவது மாடி இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இந்த நாய் ஏற்றதல்ல. ஓட இடம் வேண்டும். ஆள் நடமாட்டம் கேட்டுக்கொண்டே இருந்தால் குரைத்துக்கொண்டே இருக்கும். ஐந்தடிச் சுவர் வளர்ந்த நாய்க்கு ஒரு பொருட்டே இல்லை. எங்கள் சுவர்மேல் ஓரடிக்குக் கம்பி வலை வைத்து ஆறடி ஆக்கினோம். கேட்டின் அடியில் குட்டி நுழையும் இடைவெளிக்கும் வலை அடித்தோம். இந்த வேலைக்கு 6,200 ரூபாய் ஆனது. அதை நாங்களே ஏற்றுக்கொண்டது வீட்டுக்காரர் சம்மதிக்க உதவியது.

3. யாரிடம் வாங்குவது

படம் பார்த்து, முன்பணம் அனுப்பி, பஸ்ஸிலோ ஆம்னி வேனிலோ குட்டியை வரவழைக்காதீர்கள். நான் இழந்தது அப்படித்தான். தரகருக்கு மூன்று நாலு இடத்திலிருந்து குட்டிகள் வந்து ஒரே கூண்டில் சேரும். ஒன்றுக்கு நோய் என்றால் அத்தனைக்கும்.

நாய் வளர்த்து விற்கிறவர் 2017 விதிகளின்படி மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதே விதிகள் தாய் நாய்க்கும் வரம்பு வைத்திருக்கின்றன: 18 மாதம் ஆகாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது, ஆண்டுக்கு ஓர் ஈத்துக்கு மேல் கூடாது, வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது. "இது எத்தனாவது ஈத்து? போன ஈத்து எப்போ?" என்று கேட்டாலே ஆளைப் புரிந்துகொள்ளலாம். நல்லவர்கள் யோசிக்காமல் சொல்வார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது வீட்டில் நடந்த பிரசவம்.

நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப்பின் காகிதம் பற்றி ஒரு வார்த்தை. இந்தியக் கென்னல் கிளப் ராஜபாளையத்தை ஏற்றுக்கொண்ட இனம். குட்டிகளை அங்கே பதிந்து, மைக்ரோசிப் (தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சிப்) எண்ணோடு சான்று வாங்கித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தென்மாவட்டங்களில் தலைமுறையாக நல்ல நாய் வைத்திருக்கிற பலரிடம் அந்தக் காகிதம் இல்லை. காகிதம் இல்லை என்பதற்காக நாய் கலப்பு என்று முடிவு செய்யாதீர்கள். "காகிதம் அப்புறம் அனுப்புறேன்" என்று சொல்லி அதற்காக நாலாயிரம் ஐயாயிரம் கூடுதலாகக் கேட்பவரை மட்டும் நம்பாதீர்கள். சான்று இருந்தால் குட்டியோடு, அல்லது குறைந்தது ஈத்தைப் பதிந்ததற்கான ரசீதோடு வர வேண்டும்.

நான் கடைசியில் வாங்கிய பெரியவர் தொலைபேசியிலேயே சொன்னார்: "தம்பி, நாயைப் பாக்கணும்னா பகல்ல வாங்க. எல்லாத்தையும் அவுத்து விடுறேன். பாத்துட்டுப் போங்க, குட்டி அப்புறம் பேசிக்கலாம்." அதற்கு முன் பேசிய ஆறு பேரில் ஒருவர்கூடத் தாயைக் காட்ட முன்வரவில்லை.

4. நேரில் போய் எதைப் பார்ப்பது

ஈனுவதற்கு முன் ஒருமுறை, குட்டிகளுக்கு ஐந்தாறு வாரம் ஆனபோது ஒருமுறை, எடுத்து வர ஒருமுறை: மூன்று தடவை போக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நடுவில் உள்ளதை மட்டுமாவது விட்டுவிடாதீர்கள்.

தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். ராஜபாளையம் என்றால் பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, மடிந்து தொங்கும் காது, தேன் நிறக் கண், நீண்ட கால், உள்ளிழுத்த வயிறு. வெள்ளையாக இருந்தால் போதும் என்று வேறு பெரிய இனங்களைக் கலந்து விற்கிறார்கள். தலை அகன்று, தாடை கனத்து, உடல் திரண்ட நாய் வாட்டசாட்டமாகத் தெரியும். பார்த்ததும் பிடித்துவிடும். அது ராஜபாளையத்தின் கட்டு அல்ல. நம் நாய் ஒல்லியாக, ஓடுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். காதிலோ முதுகிலோ பழுப்புத் திட்டோடு பிறக்கும் குட்டிகளும் உண்டு. கண்காட்சிக்கு ஆகாது என்று அவற்றை ஒதுக்குவார்கள், சில இடங்களில் பிறந்ததுமே கொன்றும்விடுவார்கள். வீட்டில் வளர்க்கத்தானே வாங்குகிறீர்கள்? நிறம் பற்றிய கவலையை விட்டுவிட்டு அப்படி ஒரு குட்டி இருந்தால் கேளுங்கள்.

தாய் உங்களைப் பார்த்துக் குரைக்கலாம், உறுமலாம். அது இயல்பு. சொந்தக்காரர் சொன்னதும் அடங்குகிறதா என்று பாருங்கள். மூலையில் ஒடுங்கி நடுங்குகிற தாய் எனக்கு அதிகக் கவலை தரும். குட்டியின் கண்ணில் பூளை, மூக்கில் சளி, உப்பிய வயிறு, பின்பக்கம் ஒட்டிய கழிச்சல், காது மடலுக்குள் உண்ணி ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்று பணம் கொடுக்காதீர்கள். ஈத்தில் ஒன்று சோர்ந்து படுத்திருந்தால், துள்ளுகிற மற்றொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பார்வோ அறிகுறி வெளியே தெரிய மூன்று நாள் முதல் ஒரு வாரம் ஆகும். சில சமயம் அதற்கும் மேல். எங்கள் முதல் குட்டியும் வந்த அன்று துள்ளிக்கொண்டுதான் இருந்தது.

5. காது

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ராஜபாளையத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம். முழு வெள்ளை நிறத்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. உட்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால் கேட்கும் உறுப்பு பிறந்த சில வாரத்திலேயே அழிந்துவிடும். டால்மேஷனிலும் இதே சிக்கல் உண்டு. நீலக்கண் குட்டி அழகாக இருக்கும். சந்தேகத்தோடு பாருங்கள், நீலக் கண்ணும் நிறமிக் குறைவின் அடையாளம்தான்.

குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது செவிட்டுக் குட்டியைக் கண்டுபிடிக்க முடியாது. மற்றவை திரும்பினால் அதுவும் திரும்பும், மற்றவை ஓடினால் அதுவும் ஓடும். அதனால் ஒவ்வொன்றாகத் தனியே எடுத்துப் போங்கள். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து, ஆறடி தள்ளி, எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். அருகில் நின்று கை தட்டினால் காற்று படும், தரையில் காலால் தட்டினால் அதிர்வு தெரியும். குட்டி திரும்பினாலும் சத்தத்துக்குத் திரும்பியதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. விசில், சாவிக்கொத்து, பிளாஸ்டிக் பை கசங்கும் ஒலி என மாற்றி மாற்றிச் செய்யுங்கள். இரண்டாம் முறை சத்தத்துக்குப் பழகிப்போய்த் திரும்பாமலும் இருக்கலாம். தூங்கும் குட்டியிடம் செய்வது இன்னும் தெளிவாகக் காட்டும். ஐந்து வாரத்துக்கு முன் இதைச் செய்து பயனில்லை.

இந்தச் சோதனையால் இரண்டு காதும் கேளாத குட்டியை மட்டுமே கண்டுபிடிக்கலாம். ஒரு காது கேளாததை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் மின்சைகையை அளக்கும் பேயர் (BAER) சோதனை ஒன்றே அதற்கு வழி, அந்தக் கருவி எல்லா ஊரிலும் இல்லை. ஒரு காது கேட்கும் நாய் வீட்டில் நன்றாகவே வாழும். ஆனால் அதைச் சேர்க்கக் கூடாது. தாய் தகப்பன் இரண்டுக்கும் கேட்கிறதா என்று நீங்களே தட்டிப் பாருங்கள்.

நான் பார்த்த ஈத்தில் ஏழு குட்டி. அதில் ஒன்று தட்டுச் சத்தத்துக்கு அசையவில்லை. பெரியவர் மறைக்கவில்லை. "அது கேக்காதுப்பா. அதை நான் குடுக்கல, நானே வச்சுக்கிடுவேன்" என்றார். அவரிடம்தான் வாங்க வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். செவிட்டு நாய்களைக் கைச்சைகையால் பழக்கி அருமையாக வளர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரிந்து எடுத்தால் அது பெரிய மனது. தெரியாமல் தலையில் கட்டப்பட்டால் பாதிக்கும் மேல் தெருவில் முடிகின்றன என்பதுதான் என் பயம். பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், "பொல்லாத நாய்" என்று பெயர் வந்துவிடும்.

6. காகிதங்கள்

பணம் முழுவதும் கொடுக்கும் முன் இவை கையில் இருக்க வேண்டும்:

– பிறந்த தேதி, ஆணா பெண்ணா, நிறம், தாய் தகப்பன் விவரம், மைக்ரோசிப் எண், கொடுத்த தொகை எல்லாம் எழுதிக் கையெழுத்திட்ட ரசீது.
– தடுப்பூசி அட்டை. மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர், மருத்துவர் கையெழுத்து, முத்திரை மூன்றும் இருக்க வேண்டும்.
– வயிற்றுப் பூச்சி மருந்து கொடுத்த தேதிகளும் மருந்தின் பெயரும்.
– விற்பவரின் பதிவுச் சான்று நகல்.
– பத்து நாளுக்குள் தொற்றுநோயோ, காது கேளாமையோ தெரியவந்தால் என்ன செய்வது என்று இருவரும் கையெழுத்திட்ட ஒரு பக்கத் தாள்.

தடுப்பூசி அட்டையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். என் முதல் அட்டையில் பேனாவால் "7 இன் 1" என்று எழுதி ஒரு கிறுக்கல் இருந்தது, அவ்வளவுதான். ஸ்டிக்கரில் தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். அது இல்லாத அட்டையை ஊசியே போடாத குட்டியாக எடுத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் முதலிலிருந்து தொடங்குங்கள்.

2017 விதிகளின்படி குட்டியை விற்கும் முன் மைக்ரோசிப் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் இல்லை. அரிசி மணி அளவு சிப், தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் ஊசியால் வைப்பது, 15 இலக்க எண். ஸ்கேனர் வைத்தால் எண் தெரியும், அவ்வளவுதான். நாய் எங்கே போகிறது என்று காட்டாது. இருக்கிறது என்று சொன்னால் அங்கேயே ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள், அல்லது பக்கத்துக் கால்நடை மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள்.

ஒப்பந்தத் தாள் கேட்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. பெரியவர் வயதில் மூத்தவர், மரியாதையாக நடத்தினார். ஆனாலும் கேட்டேன். "எழுதுங்க, எழுதிட்டு வாசிச்சுக் காட்டுங்க" என்றார். நேர்மையானவருக்கு இதில் வருத்தம் வராது.

7. பணம்

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். குட்டி 15,000. மூன்று பயணத்துக்குமாகச் சேர்த்து 21,000 (கடைசிப் பயணம் வாடகைக் கார், அதற்கே 11,500). சுவர், வலை 6,200. படுக்கை, கூண்டு, தட்டு, கழுத்துப்பட்டை, முதல் மாத உணவு 7,400. முதல் நான்கு மாத ஊசி, பூச்சி மருந்து, மருத்துவர் கட்டணம் 5,300. ஆக, குட்டியின் விலையைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் மற்ற செலவே ஆனது. ஐயாயிரத்துக்குக் குட்டி கிடைக்கிறது என்று மகிழ்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். முதல் குட்டிக்குப் பார்வோ சிகிச்சை, ஐந்து நாள் குளுக்கோஸ், ஊசி எல்லாம் சேர்த்து 13,000. இப்படியொரு தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்காமல் குட்டி கொண்டுவராதீர்கள். இரவு பதினோரு மணிக்கு மருத்துவமனை வாசலில் கடன் கேட்டு நிற்கக் கூடாது.

செலவு குறைய வேப்பேரி இருக்கிறது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. கூட்டம் அதிகம், காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். ஊசி முடியாத குட்டியை அங்கே தரையில் விடாதீர்கள், மடியிலேயே வைத்திருங்கள்.

8. குட்டி வரும் முன் வீடு

இதற்கு முன் உங்கள் வீட்டில் பார்வோ வந்த குட்டி இருந்திருந்தால், அல்லது அப்படி ஒரு வீட்டுக்குக் குடிவந்திருந்தால், இந்தப் பகுதியைக் கவனமாகப் படியுங்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் சிமென்ட் இடுக்கிலும் மாதக்கணக்கில், ஓராண்டுகூட உயிரோடு இருக்கும். பினாயிலை நம்பி இருக்கக் கூடாது. வெள்ளை பிளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, முதலில் சோப்பால் அழுக்கு எடுத்த தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். நாங்கள் தரை, சுவரின் அடிப்பாகம், கேட், செருப்பு வைக்கும் இடம் எல்லாவற்றுக்கும் மூன்று முறை செய்தோம். பழைய படுக்கை, கயிறு, தட்டு அத்தனையும் எரித்துவிட்டோம். தோட்ட மண்ணைச் சுத்தம் செய்ய வழியில்லை. அதனால் முழு ஊசியும் முடியும்வரை குட்டியை மண்ணில் விடவில்லை. ஏழு மாதக் காத்திருப்பும் இதற்கு உதவியது.

மருத்துவரை முன்கூட்டியே பேசி வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை இருப்பாரா, இரவில் யாரை அழைக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வையுங்கள். ராஜபாளையம்போல் கொழுப்புக் குறைந்த, ஒல்லியான நாய்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். நாட்டு வேட்டை நாய்களைப் பார்த்த அனுபவம் அவருக்கு உண்டா என்று இப்போதே கேட்பது நல்லது.

9. பயணம்

ராஜபாளையத்துக்கு எழும்பூரிலிருந்து பொதிகை ரயில் போகிறது. நீங்கள் போய் வர அது வசதி. குட்டியோடு திரும்ப அவ்வளவு எளிதல்ல. முதல் வகுப்பில் தனி அறை முழுவதையும் எடுத்தால்தான் நாயை உடன் வைத்துக்கொள்ளலாம், அதற்கும் பார்சல் அலுவலகத்தில் தனியாகப் பதிய வேண்டும். இல்லாவிட்டால் லக்கேஜ் வேனில் நாய்ப்பெட்டி. எட்டு வாரக் குட்டியை அந்தப் பெட்டியில் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான்கு பேருக்குத் தெரிந்த ஓட்டுநரோடு காரை அமர்த்தி, மாலை ஏழு மணிக்குக் கிளம்பி, விடிவதற்குள் வந்து சேர்ந்தோம்.

கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னரே சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், வாந்தி குறையும். தாயும் குட்டிகளும் படுத்த சாக்கிலோ துணியிலோ ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வாரம் குட்டி அதில்தான் தூங்கும். வழியில் ஓட்டல் வாசல், பெட்ரோல் பங்க், சுங்கச்சாவடி ஓரம் எங்கேயும் தரையில் இறக்காதீர்கள். ஊர் ஊராகப் போகும் நாய்களெல்லாம் கழிக்கும் இடம் அது. கூண்டுக்குள் செய்தித்தாள் போட்டு, மாற்றிக்கொண்டே வந்தால் போதும். குட்டிக்கு அதுவரை என்ன சாப்பாடு, எத்தனை வேளை என்று எழுதி வாங்கி, பத்து நாள் அதையே கொடுங்கள். நமக்குப் பிடித்த தீனியை முதல் நாளே மாற்றினால் கழிச்சல் வரும், அது பார்வோவா உணவா என்று தெரியாமல் தவிப்பீர்கள்.

10. முதல் இரண்டு மாதம்: ஊசியும் மனிதர்களும்

வந்த 48 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் கூட்டுத் தடுப்பூசி மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை தொடர வேண்டும். "ரெண்டு போட்டாச்சு, போதும்" என்று நிறுத்தாதீர்கள். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது. அது எப்போது தீரும் என்று தெரியாததால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்று மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில். பூச்சி மருந்து மூன்று மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஊசி முடியும்வரை தெருவில் விடக் கூடாது என்பதைக் கேட்டுப் பலர் குட்டியை வீட்டுக்குள்ளேயே பூட்டிவிடுகிறார்கள். இந்த இனத்துக்கு அது பெரும் கேடு. பதினான்கு வாரம் ஆவதற்குள் பார்க்காத மனிதர்களை ராஜபாளையம் பிறகு ஏற்றுக்கொள்ளச் சிரமப்படும். இயல்பிலேயே அந்நியரைச் சந்தேகிக்கும் நாய் இது. ஆகவே தூக்கிக்கொண்டு போங்கள். நாங்கள் தினமும் மாலை அரைமணி நேரம் குட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனைவரை போய் நின்றோம். பால்காரர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், குப்பை வண்டி என்று எல்லாவற்றையும் பார்த்தது. காஸ் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் ஒரு துண்டு வேகவைத்த முட்டையைக் கொடுத்து ஊட்டச் சொன்னோம். இன்று அவர் வந்தால் மட்டும் குரைப்பதில்லை. குரியர் கொண்டுவருபவருக்கு அதைச் செய்யத் தவறினோம், இன்றுவரை அவர் கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

வெயிலில் கட்டிப்போடாதீர்கள். இளஞ்சிவப்பு மூக்கும் வயிற்றுத் தோலும் வெந்துவிடும். காலை எட்டுக்குள், மாலை ஐந்துக்குப் பின். வெள்ளை முடியில் உண்ணி எளிதாகத் தெரியும் என்பது ஒரு வசதி. தினமும் காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் பாருங்கள், உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் சாதாரணமாக வருகிறது.

11. மாநகராட்சி உரிமம்

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். ஆண்டுக் கட்டணம் 50 ரூபாய், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் முடிவெடுத்தார்கள். வெறிநாய்க்கடி ஊசிச் சான்று இல்லாமல் விண்ணப்பம் ஏற்கப்படாது. ஆகவே குட்டிக்கு மூன்று மாதம் ஆகி அந்த ஊசி போட்ட மறுநாளே செய்துவிடுங்கள். உங்கள் புகைப்படம், நாயின் படம், அடையாள அட்டை, முகவரிச் சான்று ஆகியவை வேண்டும். மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்களில் ஊசியும் மைக்ரோசிப்பும் போடுகிறார்கள், சிப் ஏற்கெனவே இருந்தால் அந்த எண்ணைக் கொடுங்கள்.

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. ஊசிச் சான்றில் மருத்துவரின் பதிவு எண் தெளிவாக இல்லை, முகவரி என் பழைய வீட்டுடையது. சான்றைப் படம் எடுக்கும் முன் தேதி, மருந்தின் பெயர், அடுத்த ஊசித் தேதி, முத்திரை நான்கும் வாசிக்கும்படி இருக்கிறதா என்று பாருங்கள். முகவரி மாறியிருந்தால் வாடகை ஒப்பந்தத்தைச் சேருங்கள். தாம்பரம், ஆவடி போன்ற மாநகராட்சிகளில் இருப்பவர்கள் தங்கள் அலுவலகத்தில் கேளுங்கள், சென்னை உரிமம் அங்கே செல்லாது.

உரிமம் வந்ததும் மைக்ரோசிப் எண்ணோடு உங்கள் கைபேசி எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எங்களுக்கு விற்றவரின் எண்ணே இருந்தது, மாற்ற இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரத்தில் குட்டி தொலைந்திருந்தால் அழைப்பு 550 கிலோமீட்டர் தள்ளிப் பெரியவர் வீட்டில் ஒலித்திருக்கும்.